உத்திரமேரூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு

தாம்பரத்தில் இருட்டோடு ஏறிய பேருந்து செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்துக்கு வந்தபோதுதான் கிழக்கு வெளுத்தது. மாசிக் கடைசி. ஆறு முழுக்க மணலும் முட்புதரும். நடுவில் தாம்புக்கயிறு போல ஒரு நீரோட்டம். என் பையில் துணிமணியை விடக் காகிதம் அதிகம். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் தேனும் வாங்கி விற்கிற ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இரண்டாண்டுத் தீர்மான நோட்டுகள். நகல் எடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு மாதமாக இரவுகளில் அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு இரண்டு நாள் ஆளுகைப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஜமுனாமரத்தூருக்குச் சென்னையிலிருந்து போகிறவர்கள் ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாகப் போவார்கள். நான் உத்திரமேரூர், வந்தவாசி என்று சுற்றிப் போனேன். காரணம் இருந்தது.

நான் கம்பெனி செக்ரட்டரி. இருபது வருடங்களுக்கு மேலாக இயக்குநர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஓட்டல் அரங்குகளில், ஒரே மாதிரியான வகுப்பு. சத்யம் கதையில் தொடங்குவேன். 2008 டிசம்பர் 16 அன்று அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு, தலைவரின் மகன்கள் நடத்திய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்தது. பங்குதாரர்கள் கொதித்தெழுந்ததும் சில மணி நேரத்தில் அதைக் கைவிட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கே பொய் என்று தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். படிப்பிலும் பேரிலும் குறைவில்லாதவர்கள் உட்கார்ந்திருந்த மேசை அது. இதைச் சொல்லும்போது அரங்கம் அமைதியாகக் கேட்கும்.

ஒரு முறை ஒரு தனியார் நிறுவனத்தில் இதே வகுப்பை எடுத்துவிட்டு வந்தேன். நாலு மாதம் கழித்து அங்கே ஒரு தகராறு வெடித்தது. பொருள்களைக் கட்டி அனுப்பும் அட்டைப் பெட்டிகளை வருடக்கணக்காக ஓர் இயக்குநரின் மனைவியின் தம்பியிடம் வாங்கியிருக்கிறார்கள், சந்தை விலைக்கு மேல். ஒவ்வொரு முறையும் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் சத்யத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய அறையின் அலமாரியிலேயே அந்த நோட்டு இருந்திருக்கிறது. அதைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆண்டிலிருந்துதான், அவரவர் தீர்மான நோட்டைப் படிக்காமல் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உத்திரமேரூரில் பேருந்து நிலையத்திலிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில் நடக்கிற தூரம்தான். சின்னக் கோயில். முன்னால் உள்ள மண்டபம்தான் பத்தாம் நூற்றாண்டில் மகாசபை கூடிய இடம். அதன் கருங்கல் சுவரில் இடைவெளி விடாமல் எழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போது கீறல்கள் நிழல் பிடித்துத் தெளிகின்றன. நடுப்பகலில் வந்தால் வெறும் கல்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் குடவோலை தெரியும். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடம், உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பது. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். விரல் மூடியிருந்தால் ஓலை மாறிவிடலாம் என்று யாருக்கோ ஒரு முறை சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என்னை இங்கே இழுப்பது, குடத்துக்கு முன்னால் வரும் பகுதி: யார் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்பது. சபையின் குழுவான வாரியம் ஏதாவது ஒன்றில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் கூடாது. அவனுக்குச் சிற்றவ்வை, பேரவ்வை மக்கள் கூடாது. அத்தை மக்கள், மாமன் மக்கள் கூடாது. தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாள் கணவன், அவள் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன். ஒரு குடும்பத்துக் கல்யாணத்தில் யார் யார் முன்வரிசையில் உட்காருவார்களோ அத்தனை பேரும் பட்டியலில் இருக்கிறார்கள்.

நம் கம்பெனிச் சட்டத்திலும் உறவினர் பட்டியல் இருக்கிறது. கணவன் மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பத்தவர், தாய் தகப்பன், மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரன், சகோதரி. அவ்வளவுதான். தாய்மாமன் இல்லை. மைத்துனன் இல்லை. சம்பந்தி இல்லை. அட்டைப் பெட்டி விற்ற அந்த மைத்துனர் சட்டத்தின் பட்டியலுக்குள் வரவே மாட்டார். உத்திரமேரூரின் பட்டியலில் அவருக்கு இடம் உண்டு. தன் ஊரில் காசு எந்த வழியாக ஓடும் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் இந்தச் சுவரில் இருக்கிறது. முதல் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், 919இல், ஒரு விதி வெட்டினார்கள். பதினான்காம் ஆண்டில், 921இல், அதைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். முதலில் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று ஆனது. விலக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் நீண்டது. இரண்டு வருடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள், எங்கே ஓட்டை என்று தெரிந்திருக்கிறது, அந்த ஓட்டையின் அளவுக்குத் தைத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியாயிற்றே என்று யாரும் விட்டுவிடவில்லை. அதுவும் தாங்கள் கூடி உட்காரும் மண்டபத்தின் சுவரில். வாரியத்துக்குப் புதிதாக வந்தவன் தலை நிமிர்ந்தால் விதிதான் தெரியும்.

இந்த ஊரை ஏற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. இது பிரமதேயம். கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்கள் மட்டுமே குடத்துக்குள் போனார்கள். ஏரியில் மண் வெட்டியவர் பெயர் ஓலைக்கு வரவில்லை. நான் பார்க்கப் போகிற குழுவில் பத்து பேரில் ஏழு பேர் மலைவாழ் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட இந்தச் சுவர் ஏற்றிருக்காது. அதை அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் செல்பேசியில் சில படங்கள் எடுத்துக்கொண்டேன்.

வந்தவாசி வரை வயல்களில் அறுத்த தாள். 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட ஊர் என்று பாடப்புத்தகம் சொல்லும்; இப்போது ஊரைச் சொன்னால் கோரைப்பாய்தான் நினைவுக்கு வரும். சேத்துப்பட்டு, போளூர். போளூரில் பேருந்து மாறினால் மலைப்பேருந்து. கூடை, கோழி, மண்ணெண்ணெய்க் கேன், இரண்டு கட்டு துடைப்பம், மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தையோடு திரும்பும் ஒரு பெண். வளைவுகள் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. புளியமரங்களில் ஆள் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பெண்கள் பழைய புடவையை விரித்துப் பொறுக்கினார்கள். மாசி, பங்குனியில் இந்த மலைக்குக் கையில் காசு வருவது புளியால்தான். மானாவாரிச் சாமை அறுத்துக் களம் கண்டு மாதங்கள் ஆகிவிட்டன.

நிறுவனத்தின் அலுவலகம் கிடங்கோடு ஒட்டிய ஓர் அறை. தலைவரக்கா ஐம்பதைத் தாண்டியவர். முன்பு சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவர். “பஸ்ல நின்னுக்கிட்டே வந்தீங்களா மேடம்? உக்காருங்க, முதல்ல சாப்பிடுங்க” என்று சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். சி.இ.ஓ. கீழே ஒரு கிராமத்திலிருந்து வந்த பி.காம். பையன், இருபத்தாறு வயது. உற்பத்தியாளர் நிறுவனத்தில் முழுநேர சி.இ.ஓ., உறுப்பினர் அல்லாத ஒருவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். இயக்குநர்கள் ஐந்துக்குக் குறையாமலும் பதினைந்துக்கு மிகாமலும் இருப்பார்கள். ஆளுக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். கூட்டுறவின் குணமும் கம்பெனியின் உடம்பும் சேர்ந்த இந்த வகை, ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் 2002 திருத்தத்தின் மூலம் சட்டத்துக்குள் வந்தது.

2020இல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குக் கிடைக்கும். இவர்களுக்கு அந்த மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. இனி சி.இ.ஓ. சம்பளமும் ஆடிட்டர் கட்டணமும் புளியிலிருந்தும் சாமையிலிருந்தும்தான் வர வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுக் கணக்கை அரசிடம் தாக்கல் செய்யத் தவறினால் இயக்குநர்கள் ஐந்தாண்டு தகுதி இழப்பார்கள்; 2017இல் நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கும் அதிகமான இயக்குநர்கள் அப்படித் தகுதி இழந்தார்கள். கணக்குக் காட்டாதே இருந்தவர்கள்.

இரவு அலுவலகத்திலேயே படுத்தேன். வெளியே வந்தால் அப்படி ஓர் இருட்டு. வானம் முழுக்க நட்சத்திரம். இதே மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை வகுப்பைக் கிடங்கில் வைத்துக்கொண்டோம். தரையில் பாய். திரை இல்லை, படக்காட்சி இல்லை. ஆடிட்டர் கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்பை எல்லோருக்கும் கொடுத்தேன். மூன்று வருடமாக அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் படித்ததில்லை. “அது ஆடிட்டர் பாக்குறதுங்க” என்றார் ஓர் இயக்குநர்.

‘சரக்கு இருப்பு’ என்ற வரியைக் காட்டி, “இது என்னங்க அக்கா?” என்று தலைவரிடம் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். “உங்க முதுகுக்குப் பின்னால இருக்கே, அதுதான்” என்றேன். திரும்பிப் பார்த்தார்கள். சுவர் உயரத்துக்குப் புளி மூட்டை. ‘வர வேண்டியவை’ என்பது வேலூர் மண்டிக்காரர் தர வேண்டிய பாக்கி என்று அடுத்த வரிக்கு நான் சொல்லும் முன்பே ஒரு பெண் சொல்லிவிட்டார். பிறகு காகிதம் அவர்களுடையதாகிவிட்டது.

நேற்றைய தேதிக்குச் சரக்குப் பதிவேட்டில் எத்தனை மூட்டை என்று சி.இ.ஓ.விடம் கேட்டேன். 140. எண்ணுங்கள் என்றேன். அடுக்கைச் சுற்றி இரண்டு பேர் இரண்டு தரம் எண்ணினார்கள். 131. கிடங்கில் சத்தம் அடங்கிவிட்டது. பையனுக்கு முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த கணக்காளர் பெண் அவனுக்காகப் பேச வாயெடுத்தாள். தலைவரக்கா கையை உயர்த்தினார். “நீ இரும்மா. எழுதினது அந்தத் தம்பி. அதுவே சொல்லட்டும்.”

எனக்குச் சிலிர்த்தது. உத்திரமேரூர்ச் சுவரில் கணக்கனுக்கும் ஒரு விதி உண்டு: தான் எழுதின கணக்கைத் தானே காட்ட வேண்டும், இன்னொரு கணக்கன் இடையில் புகுந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. அந்தப் படத்தை நான் இன்னும் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை.

பையன் யோசித்து யோசித்துச் சொன்னான். கொட்டை எடுக்க இரண்டு ஊர்க் குழுக்களுக்கு ஒன்பது மூட்டை கொடுத்தனுப்பியது நினைவுக்கு வந்தது. தட்டிக் கொட்டை எடுத்துத் திரும்பி வரும்போது எடை குறைந்து வரும், அப்போது சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான். செல்பேசியில் இரண்டு ஊருக்கும் கேட்டார்கள். ஐந்தும் நாலும் ஒன்பது. புளி பத்திரமாக இருந்தது. களவு இல்லை. ஆனால் அந்தப் பையன் நாளைக்கே வேலையை விட்டுப் போயிருந்தால் ஒன்பது மூட்டை எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மாதத்தின் முதல் திங்கள் இரண்டு இயக்குநர்கள் மூட்டை எண்ண வேண்டும், வெளியே போகும் சரக்குக்குத் தனிச் சீட்டு எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கழிவு எவ்வளவு வரலாம் என்று அவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. மழை பெய்த வருடத்துப் புளிக்கும் காய்ந்த வருடத்துப் புளிக்கும் கழிவு வேறு என்றார்கள். அதில் நான் மாணவி. சாப்பாட்டுக்கு எழ மூன்று மணி ஆயிற்று.

இரண்டாம் நாள் தீர்மான நோட்டுகளை எடுத்தேன். ஒரு மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒரு வரி, அங்கங்கே ஏழு முறை வந்தது. ‘சரக்கு ஏற்றிச் செல்ல வாடகை வண்டி அமர்த்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ ஏழு முறையும் ஒரே மினி லாரி, ஒரே வாடகை. வேறு யாரிடமும் விலை கேட்டதாகக் குறிப்பு இல்லை. அதை அப்படியே படித்துவிட்டு, “வண்டி யாரோடது?” என்று மட்டும் கேட்டேன்.

யாரும் பேசவில்லை. கடைசியில் முப்பது வயதுள்ள இயக்குநர் ஒருவர், குழுவிலிருக்கும் மூன்று ஆண்களில் இளையவர், “எங்க மாமாவோடதுங்க. எங்கம்மாவோட கூடப் பொறந்தவரு” என்றார். குரல் தடித்திருந்தது. “அவரு வண்டி மட்டுந்தான் ராத்திரியில கூப்பிட்டாலும் வரும்.”

அது உண்மை என்று எல்லோரும் சொன்னார்கள். நியாயமான வாடகையாகவே இருக்கலாம். ஆனால் ஏழு கூட்டத்திலும் அவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு விலை பேசியிருக்க முடியாது. சட்டப்படி தாய்மாமன் உறவினர் அல்லர் என்பதையும் சொன்னேன். பெண்கள் சிரித்தேவிட்டார்கள். “தாய்மாமன் ஒறவு இல்லையா? யாருங்க எழுதுனது?”

அப்போதுதான் படத்தைக் காட்டினேன். யார் எழுதியது, யாருக்கு அதில் இடமில்லை என்று சொன்னேன். பட்டியலை ஒவ்வொரு உறவாக வாசித்தேன். ‘பெண் கொடுத்த மாமனார்’ வந்ததும் ஒருவர் “இத அப்பவே எழுதிட்டாங்களா” என்றார். பின்பு அவர்களுடைய பட்டியலை அவர்களே போட ஆரம்பித்தார்கள்: பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி, மருமகன். அரை மணி நேரத்தில் முட்டிக்கொண்டது. இந்தப் பட்டியலில் வராத ஆள் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. கொண்டு கொடுத்த ஊர்கள். உறவுக்காரரிடம் வாங்கவே கூடாது என்றால் வண்டியும் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை, குழுவில் உட்கார ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். முப்பது குடும்பு இருந்த உத்திரமேரூர் விலக்கி வைத்தது. விலக்கினால் இந்த மலையில் நிறுவனமே நடக்காது.

அங்கேதான் நேரம் போயிற்று, போக வேண்டிய இடமும் அதுதான். நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் அவர்கள் வந்து சேர்ந்தது இது: உறவு இருக்கலாம், வாய் திறந்து சொல்ல வேண்டும். உறவுள்ள இயக்குநர் விலை பேசும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும். ஜமுனாமரத்தூரில் ஒன்று, போளூரில் ஒன்று என்று வேறு இரண்டு வண்டிக்காரர்களிடம் விலை கேட்டு நோட்டில் எழுத வேண்டும். ராத்திரியில் வருகிற வண்டிக்குக் கூடக் கொடுக்கலாம், ஆனால் ஏன் கூட என்று எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்து இதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதைச் சேர்க்கச் சொன்னவர் தலைவரக்கா.

தீர்மானத்தை வாசித்தபோது அந்த இளைஞர் கையெழுத்துப் போடும் முன் எழுந்து கிடங்குக்கு வெளியே போய் நின்றார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வண்டி வாடகையை மற்ற ஒன்பது பேர் பேசி முடிக்கும் வரை புளியமரத்தடியில் நின்றிருந்தார். முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. முதலில் விலை கேட்டு வரட்டும் என்றார்கள்.

சாயங்காலப் பேருந்து வரவில்லை. போளூரில் சரக்கு இறக்கப் போகிற அதே மினி லாரியில் முன்னிருக்கையில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டியவர் அந்த இளைஞர்தான். மாமாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அவர்தான் ஓட்டுவாராம். பின்னால் புளி வாசனை. முதல் சில வளைவுகள் வரை அவர் பேசவில்லை. கீழே போளூர் விளக்குகள் தெரியத் தொடங்கிய இடத்தில் கியரைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், அந்தக் கல்வெட்டுல மாமன் மச்சான் யாரும் கூடாதுன்னு எழுதியிருக்கே. அப்படி எழுதிட்டு எந்திரிச்சு வந்தவன், ராத்திரி வீட்டுக்குப் போயி அவங்க மாமன்கிட்ட என்ன சொன்னான்னு எழுதியிருக்கா?”

இல்லை என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். போளூர் பேருந்து நிலையத்தில் என் பையை இறக்கி வைத்துவிட்டு, சரக்கை இறக்க மண்டிப் பக்கம் வண்டியைத் திருப்பினார். இறக்கிவிட்டு நேராக மாமா வீட்டுக்குத்தான் போகப் போவதாகச் சொன்னார்.